தம்பிக்குக் காசநோய் என்று உறுதியாகிவிட்டது. அவனை வீட்டை விட்டு அனுப்பத்தான் வேண்டுமா?

பெரம்பூர் மல்லிகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னை பெரம்பூரில் ஓர் ஒண்டிக்குடித்தனத்தில் நானும் கணவரும் எங்கள் மூன்று வயது மகளும், அறுபத்து மூன்று வயதான, சர்க்கரை நோய் உள்ள என் அம்மாவும், இருபத்தேழு வயதான என் தம்பியும் சேர்ந்து வாழ்கிறோம். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு என்பதுதான் எங்கள் வீடு. தம்பி ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறான். அவனுக்கு இரண்டு மாதங்களாக இருமல் இருந்தது. முதலில் மருந்துக்கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்கிக் குடித்தான். பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் ஒவ்வாமை என்று சொல்லி இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சாப்பிடும் நாட்களில் சற்றுக் குறைவதும், நிறுத்தியவுடன் திரும்ப வருவதுமாக இருந்தது. மாலை நேரத்தில் உடம்பு கதகதவென்று இருக்கும். இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கும். அச்சகத்தில் வெக்கை அதிகம், அந்தக் களைப்புதான் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். 61 கிலோ இருந்தவன் 54 கிலோவுக்கு இறங்கிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மாநகராட்சியின் சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்ததில் காசநோய்க் கிருமி இருப்பது தெரிந்தது. மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான் என்று சொன்னார்கள். சென்ற வியாழக்கிழமை முதல் மாத்திரை சாப்பிடுகிறான்.

இப்போது வீட்டில் பெரிய குழப்பம். பெரியப்பா வந்து, அவனைத் தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் செய்யாற்றுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறார். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. தம்பிக்குப் புகைப்பழக்கமும் இல்லை, குடிப்பழக்கமும் இல்லை. அப்படியிருக்க இது எங்கிருந்து வந்தது? மகள் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம், அது அவளைக் காப்பாற்றாதா? இத்தனை நாளும் மாமாவின் மடியில்தான் அவள் தூங்கினாள் என்பதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. தம்பியோ யாரோடும் பேசாமல் நடையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறான். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டும்படி வேண்டுகிறேன்.

மூலக்கொத்தளம் அன்பன் எழுதியது:

சகோதரி, கவலைப்படாதீர்கள். தம்பிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி வாளி வைத்துவிடுங்கள். அவருடைய துணிகளைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்கள் அனைவரும் நாள்தோறும் நிலவேம்புக் குடிநீர் குடித்தால் நோய் அண்டாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு இந்த நோய் வந்தபோது அப்படித்தான் செய்தார்கள்.

ஓய்வுபெற்ற சுகாதார மேற்பார்வையாளர் எழுதியது:

அம்மா, வடசென்னையில் காசநோய்ப் பிரிவில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விகள் ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான வீட்டு வாசல்களில் நின்று கேட்டிருக்கிறேன். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தட்டு, டம்ளர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். மேலே எழுதிய நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் காசநோய் தட்டு, துணி, தொடுதல், கைகுலுக்கல் ஆகியவற்றால் பரவுவதில்லை. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் மிக நுண்ணிய துளிகளில் கிருமி இருக்கிறது. பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். நுண்ணிய துளிகளின் ஈரம் உலர்ந்து, கிருமி மட்டும் மூடிய அறையின் காற்றில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அந்தக் காற்றை மூச்சாக இழுப்பவருக்குத்தான் தொற்று ஏற்படுகிறது. ஆகவே நீங்கள் கவனம் செலுத்த வேண்டியது காற்றின் மீது. தனித் தட்டு நோயைத் தடுப்பதில்லை. நோயாளியின் மனத்தை மட்டுமே புண்படுத்துகிறது. நிலவேம்பு காசநோய்த் தொற்றைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதைக் குடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். இது மனிதகுலத்தோடு சேர்ந்தே நடந்துவந்த நோய். எகிப்தில் பதப்படுத்தி வைக்கப்பட்ட பழைய உடல்களின் முதுகெலும்பில்கூட இதன் தடயம் இருக்கிறது. மாட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றியது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கிருமியின் மரபணுவை ஆராய்ந்த பிறகு, மனிதனைத் தாக்கும் கிருமி மாட்டுக் காசநோய்க் கிருமியின் வழிவந்தது அல்ல என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவில் தோன்றி, மனிதர்கள் இடம்பெயர்ந்த வழியெல்லாம் அதுவும் பரவியது என்றே இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் முன்னோர் இதற்கு இட்ட பெயர்களைப் பாருங்கள்: காசம் என்றால் இருமல், க்ஷயம் என்றால் தேய்வு, எலும்புருக்கி என்பதற்கு விளக்கமே வேண்டியதில்லை. நோயின் அறிகுறிகளைப் பெயரிலேயே சொல்லி வைத்தார்கள். காரணம் மட்டும் 1882 மார்ச் 24 வரை தெரியாமல் இருந்தது. அன்றுதான் இராபர்ட் கோக் பெர்லினில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். பரம்பரையாக வருகிறது, தீய பழக்கத்தால் வருகிறது என்ற பேச்சுகள் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். நம் தெருக்களில் இன்னும் முடியவில்லை.

உங்கள் தம்பிக்கு யாரிடமிருந்து தொற்றியது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் உடலில் இந்தக் கிருமி எப்போதோ நுழைந்திருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோரின் உடல் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடக்கி வைத்துவிடும். அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை, அவர்களிடமிருந்து யாருக்கும் பரவுவதும் இல்லை. வாழ்நாளில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அந்தச் சுவர் இடிந்து நோயாக வெளிப்படுகிறது. சரியான உணவின்மை, சர்க்கரை நோய், புகை, மது, எச்ஐவி ஆகியவை அந்தச் சுவரை இடிக்கின்றன. பேருந்திலோ, பள்ளி நாட்களில் வகுப்பறையிலோ, அச்சகத்திலோ எங்கோ நுழைந்த கிருமி ஆண்டுகள் கழித்தும் எழலாம். புகைக்காத, குடிக்காத இளைஞனுக்கு வந்ததில் வியப்பு இல்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நம் நாட்டவர்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். தம்பியை அனுப்ப வேண்டாம். இதை என் சொந்த அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. உலகத்துக்கே இந்த விடையைத் தந்தது நம் சென்னைதான்.

பெரியப்பா சொல்லும் தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கினார். அன்றைக்கு இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகியவற்றைத் தவிர மருத்துவர்களிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாத காலத்தில், நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து மரங்களுக்கு நடுவே படுக்க வைப்பதுதான் சிகிச்சை. பெரியப்பாவின் மனத்தில் பதிந்திருப்பது அந்தக் காலம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய சிறுவயதில் அதுதான் உண்மை. ஆனால் 1950களில் மருந்துகள் வந்துவிட்ட பிறகு ஒரு கேள்வி எழுந்தது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகளோ சில ஆயிரம்தான். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா, வீட்டில் இருப்பவர்களுக்குப் பரவாதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

அதைக் கண்டறிய 1956இல் சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய அந்த மையத்துக்கு டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பேற்றார். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் ஓராண்டு சானடோரியத்தில் இருந்தார்கள். மறு பாதியினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்துதான். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் முழு ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டுமே குறைவு, பலர் வேலை செய்துகொண்டும் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் பார்த்தால், சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும் வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். இதை 1959இல் வெளியிட்டபோது உலகெங்கும் சிகிச்சை முறையே மாறியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கும், உங்கள் தம்பி போன்றவர்கள் இன்று வீட்டிலிருந்தே குணமடைவதற்கும் அந்த 193 சென்னைவாசிகள் காரணம்.

உங்களுக்கு இதைவிட முக்கியமான இன்னொரு செய்தியும் அதில் உண்டு. இரு சாராரின் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில், அனுப்பிவிட்ட குடும்பங்களைவிட அதிகமாக நோய் வரவில்லை. இதற்குக் காரணம் எளிது. பரவ வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பரவிவிடுகிறது. சரியான மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரப்பும் திறன் வேகமாகக் குறைந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் ஆபத்தான காலம் இருமல் சிரப் குடித்த அந்த இரண்டு மாதங்கள். அது கடந்துவிட்டது. இப்போது அவனை அனுப்புவதால் மகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கூடப்போவதில்லை. ஊருக்குப் போனால் மாத்திரையை நாள்தோறும் கேட்டுக் கொடுக்க ஆள் இருக்காது என்பதுதான் பெரிய நஷ்டம்.

ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டபோது குறைந்து மறுபடி வந்தது என்றீர்களே, அதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. சிலவகை ஆன்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியையும் சிறிது காலம் அடக்கி வைக்கும். நோயாளி தேறிவிட்டதாக நினைப்பார், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். இரண்டு வாரம் இருமல் நீடித்தாலே சளியைப் பரிசோதித்துவிட வேண்டும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடை இறங்குதல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம் ஆகிய எல்லாமே ஒன்றாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. சிலருக்கு எடை மட்டும்தான் குறையும். அதுபோலவே அறிகுறியை மட்டும் வைத்துக் காசநோய்தான் என்று முடிவு கட்டுவதும் தவறு. கணிதமேதை இராமானுஜனுக்குக் காசநோய் என்று கருதி இங்கிலாந்தில் சானடோரியங்களில் வைத்திருந்தார்கள். ஊர் திரும்பி 1920இல் இதே சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு இருந்தது அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்த மருத்துவர்கள் உண்டு. இன்றைக்கு ட்ரூநாட், சிபிநாட் போன்ற கருவிகள் இரண்டொரு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று சொல்லிவிடுகின்றன. அவை மாநகராட்சி மையங்களில் இலவசம்.

வீட்டில் செய்ய வேண்டியது காற்றோட்டம். ஒண்டிக்குடித்தன வீடுகளின் தொல்லை எனக்குத் தெரியும். ஒரே ஒரு ஜன்னல் இருக்கும், அதையும் கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்தே வையுங்கள். தம்பியை நடையில் ஒதுக்க வேண்டாம். ஜன்னலோரம் படுக்கட்டும், மின்விசிறிக் காற்று அவனைத் தாண்டி ஜன்னல் வழியாக வெளியே போகும்படி வையுங்கள். முதல் சில வாரங்கள் வீட்டுக்குள் முகக்கவசம் அணியட்டும். இருமும்போது துணியால் வாயை மூட வேண்டும். மூடியுள்ள ஒரு டப்பாவில் சிறிது ஃபினாயில் ஊற்றி அதில் சளியைத் துப்பி, கழிவறையில் கொட்டிவிட வேண்டும். பாயையும் தலையணையையும் மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். வெயில் பட்டால் கிருமி பிழைக்காது.

அண்ணாநகர் குழந்தைநல மருத்துவர் எழுதியது:

மேற்பார்வையாளர் ஐயா எழுதியதோடு முழுவதும் உடன்படுகிறேன். குழந்தையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் இந்த வீட்டில் மிகவும் அவசரமாகக் கவனிக்க வேண்டியவள் அவள்தான்.

பிசிஜி தடுப்பூசியைக் கால்மெட், கெரன் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் உருவாக்கினார்கள். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நம் கிண்டியில் 1948 முதலே அதைத் தயாரிக்கும் ஆய்வகம் உண்டு. அது சிறு குழந்தைகளை மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும், உடல் முழுவதும் பரவும் கொடிய வகையிலிருந்தும் பெருமளவு காக்கிறது. எனவே நீங்கள் ஊசி போட்டது வீணல்ல. ஆனால் தொற்று ஏற்படாமலே தடுக்கும் வல்லமையோ, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கும் வல்லமையோ அதற்கு இருப்பதாக நம்ப முடியவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் நடத்திய பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு இந்த ஊசி பாதுகாப்புத் தரவில்லை என்று காட்டியது. அந்த முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் ஊசி போட்டாயிற்றே என்று சும்மா இருந்துவிடக் கூடாது என்ற பாடத்தை எங்களுக்குத் தந்தது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொற்று ஏற்பட்டால், பெரியவர்களைப்போல ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்காது. ஓரிரு ஆண்டுகளுக்குள் நோயாக மாறும் வாய்ப்பு அதிகம். குழந்தைகளுக்கு இருமல் பெரிதாக இருக்கவும் வேண்டியதில்லை. எடை ஏறாமல் நிற்பது, விளையாட்டில் ஆர்வம் குறைவது, விட்டு விட்டுக் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது போன்றவைதான் தெரியும். காரணமில்லாத வாந்தி, தலைவலி, அசாதாரணமான தூக்கக் கலக்கம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. எனவே நாளையே அவளை அழைத்துச் சென்று எடை பார்த்து, நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து தொடங்குவார்கள். நாள்தோறும் ஐசோனியாசிட் என்று ஆறு மாதம் தருவது ஒரு முறை. வாரம் ஒரு தடவை இரண்டு மருந்துகள் என்று பன்னிரண்டு வாரம் தருவது இன்னொரு முறை. எது பொருந்தும் என்று மருத்துவர் வயதையும் எடையையும் பார்த்துச் சொல்வார். நலமாக ஓடி விளையாடும் குழந்தைக்கு எதற்கு மருந்து என்று பல தாய்மார்கள் இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதே பரிசோதனையும், நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்தும் உண்டு. உங்கள் அம்மாவை முதலில் அழைத்துப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். வயதானவர்கள் இருமலைச் சொல்லவும் மாட்டார்கள்.

மேடவாக்கம் தையற்காரி எழுதியது:

சகோதரி, நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் வந்து முழுமையாகக் குணமானவள். மருத்துவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவள் என்ற முறையில் சிலவற்றை எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் சிறுநீர் செந்நிறமாகப் போகும். இரத்தம் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிற்றைப் புரட்டும், சில நாட்களில் பழகிவிடும். ஆனால் கண்கள் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது, நிறங்கள் மாறித் தெரிவது ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கை கால் மரத்துப்போனால் அதற்கு வைட்டமின் மாத்திரை தருவார்கள்.

எல்லாவற்றையும்விட மூன்றாம் மாதத்தைக் கவனியுங்கள். இருமல் நின்று, எடை ஏறி, பசி வந்து, நான் நன்றாகிவிட்டேன் என்று தோன்றிய மாதம் அது. அப்போதுதான் எனக்கு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. என்னைக் கவனித்துக்கொண்ட செவிலியர் சகோதரி சொன்ன விளக்கத்தை மறக்க மாட்டேன். சாதாரணக் கிருமிகள் அரை மணிக்குள் இரண்டாகப் பெருகிவிடும், இது ஒருமுறை பெருக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு மெதுவாக வளர்வதைக் கொல்லவும் அவ்வளவு நாள் வேண்டும், தூங்கிக்கொண்டிருக்கும் மிச்சக் கிருமிகளைப் பாதியில் விட்டால் அவை மருந்துக்குப் பழகி எழுந்துகொள்ளும் என்றார். அப்படி மருந்துக்கு அடங்காத நோயாகிவிட்டால் வேறு மருந்துகள், கூடுதல் பக்கவிளைவுகள், பலருக்கு நீண்ட சிகிச்சை என்று துன்பம் பல மடங்காகும். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் மாத்திரை சாப்பிட்டவுடன் என் மாமியார் ஒரு கோடு போடுவார். அந்த ஆறு மாத நாட்காட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. அரசு மாதம் 500 ரூபாய் தந்துவந்ததை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். தம்பியின் வங்கிக் கணக்கு விவரத்தைச் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். முட்டை, பருப்பு, வேர்க்கடலை, பால் என்று எது முடியுமோ அதைக் கொடுங்கள். அவனுக்கு மட்டும் அல்ல, வீட்டில் உள்ள அனைவரும் சாப்பிட வேண்டும். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்துகளும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. ஐயா எழுதிய அந்தச் சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கேற்றது. அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பெரும்பாலும் அரிசியும் பருப்பும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கணவர் வீட்டாரில் சிலர் ஓராண்டு எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நோய் போய்விட்டது, அந்த நினைவு போகவில்லை. தம்பியை நடையிலிருந்து உள்ளே அழைத்து, எல்லோரோடும் உட்கார வைத்துச் சோறு போடுங்கள்.

மூலக்கொத்தளம் அன்பன் எழுதியது:

தட்டு, துணி விஷயத்தில் நான் தவறாகச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் நான் குறிப்பிட்டவருக்கும் அப்படித் தனித் தட்டு வைத்திருந்தோம். ஐயா எழுதியதை அவர் வீட்டில் இன்று படித்துக் காட்டினேன்.

பெரம்பூர் மல்லிகை எழுதியது, மூன்று வாரங்களுக்குப் பிறகு:

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாளே எல்லோரும் பரிசோதனைக்குப் போனோம். மகளின் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை; தடுப்பு மருந்து தொடங்கிவிட்டோம். எனக்கும் கணவருக்கும் நோய் இல்லை. அம்மாவின் எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிந்தது. சளியைப் பரிசோதித்ததில் அவருக்கும் காசநோய் என்று உறுதியானது. கேட்டபோதுதான், ஆடி மாதத்திலிருந்தே விடியற்காலையில் இருமல் இருந்ததாகவும், சர்க்கரையால் இளைத்துப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். நாங்கள் தூங்குவதற்கு இடைஞ்சலாக இருக்கும் என்று சமையற்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருமியிருக்கிறார்.

பெரியப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தம்பியை அனுப்பச் சொன்னவர், அம்மாவை எங்கே அனுப்புவது என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு டஜன் முட்டையும் ஒரு கொசுவலைச் சுருளும் வாங்கிக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு அவரே அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பிக்கு 55 கிலோ ஆகிவிட்டது. ஆனால் என்னால்தான் அம்மாவுக்கு வந்தது என்று மனம் உடைந்திருக்கிறான். அம்மாவோ, என்னிடமிருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கும் என்று சொல்லி அழுகிறார். இவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அம்மாவின் சர்க்கரை மாத்திரையோடு இந்த மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். தம்பி எப்போது வேலைக்குப் போகலாம்?

ஓய்வுபெற்ற சுகாதார மேற்பார்வையாளர் எழுதியது:

அம்மா, யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்வியை இருவருமே விட்டுவிடட்டும். அம்மாவுக்கு இளம் வயதில் நுழைந்த கிருமி சர்க்கரையால் இப்போது எழுந்திருக்கலாம். தம்பிக்கு வெளியே எங்கோ தொற்றியிருக்கலாம். இருவருக்கும் வெவ்வேறு இடங்களிலிருந்தும் வந்திருக்கலாம். உங்கள் வீட்டில் உள்ள எவராலும் அதைச் சொல்ல முடியாது, சிகிச்சைக்கு அது தேவைப்படுவதும் இல்லை. தம்பி பரிசோதனைக்குப் போனதால்தான் அம்மாவின் நோய் தெரியவந்தது என்பதை மட்டும் அவனிடம் சொல்லுங்கள். அது உறுதியான உண்மை.

சர்க்கரை மாத்திரையையும் காசநோய் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடலாம், சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் சர்க்கரை ஏறக்கூடும். அளவை மாற்றுவதா, இன்சுலின் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அம்மா இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காசநோய் குணமாவதும் தாமதமாகும். அவர் மிகவும் மெலிந்திருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடியாமல் இருந்தாலோ உடனே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், அப்படிப்பட்டவர்களைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்கிறார்கள். அனுப்ப வேண்டாம் என்று நான் முன்பு எழுதியது இப்படிப்பட்ட நிலையில் உள்ளவர்களுக்குப் பொருந்தாது.

தம்பி வேலைக்குப் போவதை அவனைப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். இருமல் அடங்கி உடம்பில் தெம்பு வந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் அனுமதிப்பார்கள். அச்சகத்தில் அவன் அருகே அமர்ந்து வேலை செய்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். பெயர் வெளியே வராமல் அதைச் செய்துகொடுக்கும்படி சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இரண்டாம் மாத முடிவில் இருவருக்கும் மறுபடி சளிப் பரிசோதனை இருக்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் இன்றே குறித்துவிடுங்கள். இனிமேல் அம்மா கூடத்தில், ஜன்னல் பக்கத்தில் படுக்கட்டும். சமையற்கட்டுக் கதவை யாரும் சாத்த வேண்டாம்.